டிவியைக் கழற்றிய லாட்ஜ்

கண்ணுகளா, ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டு வந்தார்கள். வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்கள்.

“ரூம்ல டிவிய கழட்டிட்டு அடுப்பு வெச்சிட்டேன்டா.”

“இன்னாக்கா நீ! எதிர்ல ஏசி ஓட்டல் வந்துட்சி. நம்மள மூட வெச்சிடுவான்.”

“கொல்கத்தாலேர்ந்து வைத்தியத்துக்கு வர்றவங்க மாசக்கணக்கா தங்குறாங்க. நோயாளிக்கு நம்ம சாம்பார் எறங்குமா? அவங்க ஊரு கடுகெண்ணெய் மீன் கொழம்புன்னா நாலு வாய் சாப்புடுவாங்க. ஊருக்குப் போனா, அடுத்து வர்றவங்களுக்கு நம்ம லாட்ஜத்தான் சொல்வாங்க.”

“அப்போ மீன் அரிய அருவாமணையும் வாங்கிட்டியா?”

“ரூமுக்கு ஒண்ணு!”

தம்பி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

வேலூரில் என் வேலை முடிந்து, தனியாக அந்த ஆஸ்பத்திரித் தெருவுக்குப் போனேன். லாட்ஜில் எல்லா ஜன்னலிலிருந்தும் கடுகெண்ணெய் வாசனை வந்தது. மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு நடந்தேன்.