இயக்குநர் பெயரில் ஒரு குறிப்பு

உங்கள் விசாரணை அறையில் இந்த மேசை ஒரு பக்கமாக ஆடுகிறது. அட்டையை நாலாக மடித்துக் காலுக்கடியில் செருகினால் நின்றுவிடும். கோணலாக எதையாவது பார்த்தால் சரிசெய்யாமல் இருக்க என்னால் முடியாது. பதினோரு வருடம் அதைத்தான் வேலையாகச் செய்தேன்.

என்ன வேலை என்று கேட்டீர்கள். மனித மரபணு வரிசையில் எந்த இடத்தில் எழுத்து மாறினால் என்ன நோய் வரும் என்று குறிப்பு எழுதுவது. எங்களுடையதையும் சேர்த்து ஐந்து ஆய்வுக்கூடங்கள். ஒவ்வொன்றும் தன் குறிப்புகளைத் தன் கணினியிலேயே வைத்திருக்கும். மருத்துவர் ஓர் இடத்தைக் கேட்டால் எல்லாக் கணினிகளும் ஒரே முறையில் பதில் அனுப்பும். அவர் திரையில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். யார் வேண்டுமானாலும் சேரலாம், பூட்டு கிடையாது. நாலு பேர் சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று நல்ல மனதோடு செய்த ஏற்பாடு. மற்ற நாலு கூடங்களும் மாதம் ஒருமுறை எங்களிடமிருந்துதான் நகலெடுத்துக்கொள்கின்றன என்பது மருத்துவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மார்பகப் புற்றுநோய் பற்றிய ஒரு குறிப்பு என்னுடையது. ஒன்பது குடும்பங்கள், இரண்டு வருடம். படியேறி, கதவைத் தட்டி, செத்துப்போனவர்களின் வயதைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். 'ஆபத்தானது' என்று எழுதி முடித்த அன்று அழுதேன். மறுவாரம் பார்த்தால் அதன் கீழே என் பெயர் இல்லை. எங்கள் ஆய்வுக்கூட இயக்குநரின் பெயர் இருந்தது.

போய்க் கேட்டேன்.

"பேர்ல என்னம்மா இருக்கு? நாலு பேருக்குப் பயன்பட்டா சரிதானே," என்றார்.

வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. அந்தக் குறிப்பை அவர் முழுசாகப் படித்ததுகூட இல்லை. அதனால் 'ஆபத்தானது' என்பதைத் 'தீங்கற்றது' என்று மாற்றினேன். நிஜமாகவே எழுதியவராக இருந்தால் ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்பார். நான் வைத்தது ஒரு சின்னப் பரீட்சை, அவ்வளவுதான். ஒரு மாதம் போயிற்று. மற்ற நாலு கணினிகளும் தீங்கற்றது என்றே சொல்லத் தொடங்கின.

ஏழாம் மாதம் அவரே என் அறைக்கு வந்தார். மனைவியை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். மகளுக்குப் பரிசோதனை செய்ததில் நான் குறிப்பு எழுதிய அதே மரபணு மாற்றம் இருந்திருக்கிறது.

"நோய் வர்றதுக்கு முன்னாடியே மார்பை எடுக்குற ஆபரேஷன் வேணாம்னுட்டாரும்மா டாக்டர். ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினாரு. அஞ்சும் ஒரே மாதிரி சொல்லுது. முதல் வரியில என் பேரு. போன உசுரு திரும்பி வந்துச்சு."

"சந்தோஷம் சார்," என்றேன். "உங்க குறிப்பு தப்பா இருக்குமா?"

அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அவர் என் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை.

அந்தப் பெண் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முப்பத்தொரு வயது, கலகலப்பானவள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பதினெட்டு மாதத்தில் அதே நோயில் போய்விட்டாள். அன்றைக்கு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா தப்பாச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

யார் எந்த இடத்தைக் கேட்டார்கள் என்று எங்கள் கணினியில் பதிவாகும். தினமும் காலையில் வந்ததும் அதைத்தான் பார்ப்பேன். அந்த ஓர் இடத்தை இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு முறை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் மருத்துவர் அறை வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அப்படிப்பட்டவர்களின் வீட்டுக்கெல்லாம் போய்வந்தவள், எனக்கா தெரியாது?

இன்றுவரை ஏன் திருத்தவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அதன் கீழே அவர் பெயரல்லவா இருக்கிறது. அடுத்தவர் எழுதியதில் கை வைப்பது எனக்குப் பழக்கமில்லை.