நாற்பதுக்கு மேலே

நான் ரத்தம் எடுத்தால் வலிக்காது. செம்பாக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சார். ஊசி குத்துமுன் மனதுக்குள் ஒரு ஜெபம் சொல்வேன். குத்திய பிறகு ஒரு பிஸ்கட் கொடுப்பேன். இந்த மனசோடு பார்த்தால்தான் நான் செய்தது உங்களுக்குப் புரியும்.

எஸ்.ஜி.பி.டி. என்று ஒரு பரிசோதனை. கல்லீரல் கெடும்போது ரத்தத்தில் கசிகிற ஒரு நொதியின் அளவைச் சொல்லும். நாற்பது வரை நார்மல் என்று ரிப்போர்ட்டில் இருக்கும். தாண்டினால் எண் தடித்த எழுத்தில் வரும். ஐம்பத்திரண்டு வந்ததற்கே ஓர் ஆட்டோக்காரர் என் லேப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அடுத்த முறை தாம்பரத்தில் வேறு லேபுக்குப் போய்விட்டார். மனிதர்களை அழவைப்பதும் ஒரு தொழிலா?

நார்மல் என்றால் என்ன, சார்? நல்ல உடம்புக்காரர்கள் நிறையப் பேரைச் சோதித்து, பெரும்பாலோருக்கு வருகிற அளவைச் சொல்கிறார்கள். செம்பாக்கத்துக்கு யாரும் வந்து சோதிக்கவில்லை. அந்தக் குறையை நான் தீர்த்தேன். இரண்டாயிரத்து நாலில் கம்ப்யூட்டர் வாங்கியதும், என்னிடம் வந்தவர்களின் அளவுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தேன். பெரும்பாலோர் நூறுக்குள் இருந்தார்கள். நாற்பதை அழித்து நூறு என்று போட்டேன்.

"லேபுக்கு வர்றவங்க பேஷன்ட்ஸ்தானே, சார்?" என்று என்னிடம் வேலைபார்த்த நிஷா கேட்டாள். படித்த பெண்களுக்கு இரக்கம் கொஞ்சம் குறைவு. அவள் வேலையை விட்டுப் போனபோதும் ஆசீர்வதித்தே அனுப்பினேன்.

ரத்தத்தில் வந்த எண்ணை மட்டும் நான் ஒருநாளும் மாற்றியதில்லை. அது பொய். பொய் பாவம்.

அங்காளம்மாள் அக்கா மீன் விற்பவர். காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும் என்பதால் டாக்டர் பரிசோதனை எழுதியிருந்தார். நார்மல் என்றால் மாத்திரை தொடரும். இல்லையென்றால் உடனே நிறுத்த வேண்டும்.

"இன்னா தம்பி, மாத்திரைய நிறுத்திடுவாங்களா? பாதில வுட்டா மறுபடி மொதல்லேர்ந்துதானா? பேஜாரா கீதுபா."

முந்நூற்றுப் பன்னிரண்டு வந்திருந்தது. நூறுக்குள் எப்படியும் அடங்காது. அதனால் அக்காவுக்கு மட்டும் நார்மலை முந்நூற்றைம்பது ஆக்கினேன். தடித்த எழுத்து மெலிந்துவிட்டது.

"எல்லாம் நார்மல், அக்கா."

"நல்லா இருப்பா. கண்ணு மஞ்சளா கீதுன்னு எம் பொண்ணு தனம் சொல்லிகினே கீது."

"டியூப்லைட் வெளிச்சம் அது."

சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் எனக்கு வஞ்சிரம் இரண்டு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். ஆஸ்பத்திரியில் அத்தனை பெரிய கூட்டத்தில் டாக்டர் தடித்த எழுத்தைத்தான் தேடுவார். இல்லை என்றதும் மாத்திரை தொடர்ந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அக்கா இறந்துபோனார்.

மாலை வாங்கிக்கொண்டு நானே போனேன். தனம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு ஒங்க மேல அவ்ளோ நம்பிக்கண்ணா" என்று அழுதாள். அழாதே என்று தேற்றினேன். யார் அழுதாலும் எனக்குத் தாங்காது.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். மறுக்கவில்லை. ஆனால் கடைசிவரை அக்கா பயமில்லாமல் இருந்தாரே, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

என் மேசை டிராயரில் நீங்கள் எடுத்த ரிப்போர்ட் என்னுடையதுதான். நாற்பத்து நான்கு. அன்றைக்கே லேபைப் பூட்டிவிட்டு ஸ்பெஷலிஸ்டிடம் ஓடினேன். என் ரத்தத்தை மட்டும் ஊரப்பாக்கத்தில் வேறு லேபில்தான் கொடுப்பேன், சார். அங்கே நார்மல் இன்னும் நாற்பதுதான்.