ஒண்ணேகால் மணி நேரம்

ஹலோ... ஹலோ, பவுலூசி அண்ணா, லீத்தியா பேசுறேன்... ஆமா, ரெசல்யூட்லதான், ஏர்போர்ட்ல... ஆமா, ஆமா, திரும்பி வந்துட்டோம்... உனக்குப் பிளேன் சத்தம் கேட்டுச்சா? நாங்க பாத்தோம் அண்ணா. ஒரு எடத்துல மேகம் விலகி நம்ம வீட்டுக் கூரை தெரிஞ்சுது. வாசல்ல உன் பனிவண்டி நிக்குது. அப்பத்தான் பைலட் திருப்புனான்... இல்ல, அவனத் திட்டாத. ரெண்டு தடவ எறங்கப் பாத்தான். அந்தக் காத்துல, அந்த மலைய ஒட்டி எவன் எறக்குவான்.

அம்மா முழிச்சிருக்காளா?... ம்... சூப்பு?... சரி, விடு, கட்டாயப்படுத்தாத... நர்ஸ் என்ன சொல்றாங்க?... இன்னிக்குத் தாங்காதா...

இல்ல அண்ணா, இனிமே புயல் ஓயணுமாம். டிக்கெட் ஆபீசுக்குப் பேசுனேன். தெக்க எங்கயோ உக்காந்துக்கிட்டு, "நானூறு கிலோமீட்டர்தானே மேடம், ஒண்ணேகால் மணி நேரம்தான்"னு ஆறுதல் சொல்றா. பத்திக்கிட்டு வந்துச்சு... எதுல வர்றது? கடலு அரைகொறையா ஒறஞ்சு கெடக்கு. படகும் போகாது, பனிவண்டியும் போகாது.

...அப்பாவா? என் மடியிலதான். பிஸ்கட் தின்னுக்கிட்டு இருக்காரு... பெத்த மூணு வயசுப் பொண்ண "அப்பா, ஷூ போடுங்க"ன்னு நான் கெஞ்சுறதப் பாத்து பைலட் முழிக்கிறான். அப்பா செத்த வாரம் பொறந்தவ, கமனிக்னு அவரு பேர வச்சதும் அவரே திரும்பி வந்துட்டாரு, இவதான் எங்கப்பான்னு சொன்னா தெக்கத்தியானுக்குப் புரியவா போகுது.

...என்ன கேக்குறா?... "என் வீட்டுக்காரர் எங்க"ன்னா... காலைல இருந்தேவா... அவரு சொன்னாத்தான் போவாளா. இவ்ளோ வலியிலயும்...

போன அம்மா காதுல வை... வை அண்ணா, சொல்றேன்.

அப்பா, இதுல பேசுங்க. உங்க பொண்டாட்டி. வேட்டை முடிஞ்சு திரும்புறப்ப எப்பவும் அவகிட்ட சொல்வீங்கல்ல, "நீ முன்னாடி போய் டீ போடு, நான் பின்னாடியே வர்றேன்"னு... ஐயோ, வேணாம்டா கண்ணு. பின்னாடி வர்றேன்னு சொல்லாத. அது மட்டும் சொல்லாத. "நீ போய் டீ போடு." அவ்ளோதான்... ம். நல்லாச் சொன்னீங்க அப்பா.

அண்ணா, கேட்டுச்சா அவளுக்கு?... சிரிச்சாளா... என்ன சொன்னா?... "இன்னிக்கும் லேட்டு"ன்னா... அவரத் திட்டுறதுக்கு மட்டும் எங்க இருந்துதான் தெம்பு வருதோ.

இல்ல, போன எடுக்காத. அவகிட்டயே வச்சிரு. மூச்சாவது கேட்டுக்கிட்டு இருக்கேன்... ம்... கேக்குது... கேக்குது...

...

அண்ணா? லைன் போயிருச்சா?... போகலயா... ஆமா. நீ பேசுறது நல்லாத்தான் கேக்குது.

...

சரி அண்ணா. கண்ண மூடி விடு... வச்சிர்றேன். அப்பா என்னமோ கேக்குறாரு... என்னப்பா?... இல்லப்பா. நமக்கு இன்னும் பிளேன் வரல.