சறுக்குமரத்தைச் சுற்றி ஒரு சாக்பீஸ் கோடு

அவையை ஆரவாரமின்றி ஆளும் தலைமையாசிரியை அவர்களே! மரப்பெட்டியோடு வந்து எங்கள் மனக்கலக்கத்தையும் சேர்த்து மூடி எடுத்துச் சென்ற தேனீ வளர்ப்பாளர் ஐயா அவர்களே! பென்சில் சீவிச் சீவியே விரல் தேய்ந்த என் சக ஆசிரியைகளே! மஞ்சள் கறை படிந்த சட்டைகளைத் துவைக்கும்போதெல்லாம் என்னை மனதாரத் திட்டிய தாய்மார்களே! அந்தத் திட்டைக் கேட்டும் கேளாததுபோல் இருந்த தந்தைமார்களே! பெரியோர்களே! நான்கு வயது வகுப்பின் ஆசிரியையான என் பணிவான வணக்கம்!

இன்று நான் பேச வந்தேன் என்பதைவிட, நிம்மதியாக மூச்சுவிட வந்தேன் என்பதே உண்மை.

அந்த மஞ்சள் கறை எங்கிருந்து வந்தது? சொல்கிறேன், கேளுங்கள். ஒரு தாளில் இரண்டு பூசணிப் பூக்களை வரைந்தேன். கீழே வெறும் வெள்ளையாக ஒரு காய். முதல் பூவில் மஞ்சள் சாக்பீஸ் தூள். பிள்ளையின் விரல்தான் தேனீ! அது பூவில் அமர வேண்டும், தூளைப் பூசிக்கொள்ள வேண்டும், ரீங்காரமிட்டு அடுத்த பூவுக்குப் பறக்க வேண்டும். அங்கே தூள் சேர்ந்தால்தான் காய்க்கு வண்ணம் தீட்ட அனுமதி. சேராவிட்டால்? காயும் இல்லை, கலரும் இல்லை, கண்ணீர்தான்! மகரந்தம் என்ற சொல்லை மறந்தாலும் மறப்பார்கள். அந்த வெள்ளைக் காயை மறப்பார்களா?

இதுவரை என் பெருமை. இனி என் பிழை. கடைசித் தாளில், "தேனீ நம் தோழி" என்று எழுதி, ஒரு சிறுமியின் உள்ளங்கையில் தேனீயை உட்கார வைத்துவிட்டேன். அழகுக்காகச் செய்தேன். அறிவோடு செய்தேனா? இல்லை! இருபத்திரண்டு பிள்ளைகளும் அந்த உள்ளங்கைக்கு ஆசை ஆசையாக வண்ணம் தீட்டினார்கள்.

போன வியாழக்கிழமை, விளையாட்டு நேரம். நான் உள்ளே அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆயா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"டீச்சர், சறுக்குமரத்துக்கு அடியில கொத்தா தேனீ தொங்குது! பிள்ளைங்க எல்லாம் அங்கதான் நிக்குதுங்க!"

இடம் மாறிப் போகிற தேனீக் கூட்டம் ஒன்று வழியில் இளைப்பாற இறங்கியிருக்கிறது. எனக்கோ கண்முன்னே தேனீ தெரியவில்லை. இருபத்திரண்டு உள்ளங்கைகள் தெரிந்தன! தொடச் சொல்லி வரைந்து காட்டியவள் நானல்லவா? ஓடினேன். செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

போய்ப் பார்த்தால்... சிரிக்காதீர்கள்! சறுக்குமரத்தைச் சுற்றி, பத்தடி தள்ளி, சிமெண்டுத் தரையில் கோணல்மாணலாக ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே இருபத்தொரு பிள்ளைகள், சத்தமே இல்லாமல். அவர்களுக்கு முன்னால் கையில் சாக்பீஸோடு எங்கள் வகுப்பின் அவசரக்குடுக்கை!

அவளைத் தெரியாதவர் இங்கே உண்டா? எந்தத் தாளிலும், எந்தக் கோட்டுக்குள்ளும் அவள் வண்ணம் நின்றதில்லை. "கோட்டைத் தாண்டாதேடி கண்ணு" என்று நான் நாள்தோறும் கெஞ்சியது அவளிடம்தான். அந்தச் சின்னஞ்சிறு சிட்டு என்னைப் பார்த்து விரலை நீட்டி அதட்டியது.

"டீச்சர், அங்கயே நில்லுங்க! கோட்டைத் தாண்டக் கூடாது!"

நின்றேன். என் வாழ்க்கையில் யார் சொல்லியும் நான் அப்படி நின்றதில்லை.

"ஏன்டா செல்லம்?"

"தேனீங்களுக்கு வேலை இருக்குல்ல? நாம உள்ள போனா எல்லாம் பாழாயிடும்."

"அப்போ கையில உட்கார வெச்சோமே, அது?"

"அது படம், டீச்சர்!" என்றாள், என் அறியாமைக்கு இரங்கி.

யாரோ 'அப்பாடா' என்கிறீர்கள். அந்த அப்பாடாவைச் சொல்லிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதவள் நான்!

தகவல் கேட்டுச் சற்று நேரத்தில் வந்த தேனீ வளர்ப்பாளர் ஐயா, பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையையே பார்த்தார். "நான் போற இடத்துல எல்லாம் கல்லெறிஞ்சு வெச்சிருப்பாங்கம்மா, இல்லேன்னா நெருப்பு வெச்சிருப்பாங்க. கோடு போட்டு வெச்சு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். ஒரு பிள்ளைக்கும் கொட்டு இல்லை; ஒரு தேனீக்கும் கேடு இல்லை.

அன்பர்களே! அஞ்சி அடிப்பதா அறிவு? அள்ளி அணைப்பதா அன்பு? எட்ட நின்று, அதன் வேலையை அது செய்ய விடுவதல்லவா அறிவு! அதுவல்லவா அன்பு! தாள் அழகாக இருக்க வேண்டும் என்று நான் சொன்ன சொல்லை, தோழர்களும் தேனீக்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டாளே ஒரு குழந்தை! அவளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்? அவளிடம் நான்தான் கற்றுக்கொண்டேன்!

உள்ளங்கைப் படத்தைக் கிழித்துவிட்டேன். புதுப் படத்தில் தேனீ பூவில் இருக்கிறது, பிள்ளை தள்ளி நிற்கிறாள். ஆனால் தாய்மார்களே, மஞ்சள் கறை மட்டும் இனியும் வரும். திட்டுங்கள், துவையுங்கள், மறுநாள் அனுப்பிவையுங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள். வெளியே போகும்போது சறுக்குமரத்தருகே அந்தக் கோடு இன்னும் அழியாமல் இருக்கும். தேனீக்கள் போய்விட்டன, உண்மைதான். ஆனாலும் சுற்றிப் போங்கள். போட்டவள் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். வணக்கம்!