முதல் வரியில் ஓர் 'உ'

ஸ்டேஷன் இட்லி இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் தங்கப்பாண்டியன் இரண்டாம் முறை சட்னி வைக்கச் சொன்னார். அந்த மரியாதைக்காகவே முழுதாகச் சொல்கிறேன்.

அனுமந்தன்பட்டியில் சுருளிராஜன் நடத்தும் திராட்சைக் குளிர்கிடங்கு அம்மோனியாவில் ஓடுகிறது. வாயு கசிந்தால் சைரன் அடிக்க வேண்டும். அதை அடிக்கவைக்கும் கணினி ஸ்கிரிப்டை எழுதியவன் நான். அந்த ஸ்கிரிப்டுக்கு செட்டிங்ஸ் கோப்பைப் படித்துக் கொடுக்கும் சின்னப் பகுதியை என் கூட்டாளி சுரேஷ்கண்ணன் எழுதினான். தேனியில் எங்கள் நிறுவனம் என்பது இரண்டு நாற்காலி.

என் மனைவி ஓவியா அந்தக் கிடங்கில் பழத்தின் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். பிப்ரவரியில் ஒரு காலை வாயு கசிந்தது. சைரன் அடிக்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

எல்லோரும் விதி என்றார்கள். நான் கல்லூரிக்குப் போனவன். விதியை ஏற்பதற்கு முன், கணினி எழுதிவைக்கும் லாக் பதிவைப் பார்ப்பேன். அதில் ஒன்றும் இல்லை. ஸ்கிரிப்டில் பிழை என்றால், எந்த வரியில் என்று இன்டர்பிரெட்டர் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டுகிற அந்த இன்டர்பிரெட்டரே செத்தால் சொல்ல ஆள் இல்லை.

நான்கு மாதம் தேடினேன். வீட்டில் வேறு வேலையும் இல்லை. என் மேஜையில் ஓடினால் சாகாது. கிடங்கில் ஓடினால் சாகும். கடைசியில் வித்தியாசம் கிடைத்தது. பூஜையன்று சுருளிராஜன் மானிட்டருக்குச் சந்தனம் வைத்து, செட்டிங்ஸ் கோப்பின் முதல் வரியில் 'உ' என்று தட்டியிருந்தார்.

"புது நோட்டுக்குப் போடுறோம். கம்ப்யூட்டரு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு தம்பி?" என்றார். நியாயமான கேள்வி.

சுரேஷ்கண்ணன் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் இடம் ஒதுக்கியிருந்தான். 'உ' மூன்று பைட். மிச்ச இரண்டும் பக்கத்து நினைவகத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. உடனே ஒன்றும் ஆகாது. சில மணி நேரம் கழித்து இன்டர்பிரெட்டர் நினைவகத்தின் குப்பையைக் கூட்டிப் பெருக்க வரும்போது சாகும்.

அவனிடம் காட்டினேன். சிரித்துவிட்டான்.

"ஏலே மாப்ள, பிள்ளையார் சுழி போட்டா செத்துப்போற புரோகிராமு உலகத்துலயே நம்மதுதான்டா. விடு, ரெண்டு நிமிச வேலை." பிறகு என் முகத்தைப் பார்த்து, "தங்கச்சி விசயத்துல நான் என்ன வேணும்னா பண்ணேன்?" என்றான்.

இல்லை. வேண்டுமென்று செய்திருந்தால் மன்னித்திருப்பேன். அதில் கொஞ்சம் உழைப்பாவது இருந்திருக்கும்.

பிழையை மறுபடி வரவைத்துப் பார்க்காமல் திருத்தக் கூடாது. எங்கள் தொழிலில் அதுதான் முறை. கிடங்கில் அதே கணினியை, அதே ஸ்கிரிப்டோடு திரும்ப மாட்டியிருந்தார்கள். நன்றாகத்தானே ஓடுகிறது என்றார்களாம். ஞாயிற்றுக்கிழமை, லோடு வராத நாள். சோதனைக்காக நான் அழித்திருந்த 'உ'வைக் காலை ஏழு மணிக்கு நானே மறுபடி தட்டினேன். பதினோரு மணிக்குத் திரை கறுத்தது. உள்ளே போய் சென்சாரைப் பார்த்துவிட்டு வா என்று சுரேஷ்கண்ணனிடம் சொன்னேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு விசிலடித்தபடி போனான். அம்மோனியா வால்வைத் திருப்பிவிட்டு, கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றேன். ஏழு தடவை தட்டினான். சைரன் அடிக்கவில்லை. என் கண்டுபிடிப்பு சரி என்று உறுதியானது. நான்கு மாதத்தில் அன்றுதான் மத்தியானம் தூங்கினேன்.

தங்கப்பாண்டியன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு ஓவியாவின் போன் விவரத்தை என் முன்னால் நகர்த்தினார்.

"அன்னைக்கு உள்ள போறதுக்கு முன்னாடி உங்ககிட்டதான் பேசியிருக்காக. என்ன கேட்டாக?"

திரை கறுப்பாக இருக்கிறது, உள்ளே போகலாமா என்று கேட்டாள். அது அப்படித்தான் அடிக்கடி நிற்கும், மூன்று தடவை பார்த்தாயிற்று, அப்புறம் சரிசெய்கிறேன், நீ போ என்றேன். அப்போது எனக்கு வேறோர் அவசர வேலை இருந்தது.

அதையும் அவர் எழுதிக்கொண்டார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. பிழை சுரேஷ்கண்ணனுடையது.