கட்டின கை

சாயங்காலம் ஆறரை மணி. தூறல். குடோனுங்களுக்குப் பின்னால போற மண் ரோடு... ஒரு விளக்குகூட எரியாது. ரெண்டு பேர் நடந்து போறாங்க. ஒருத்தர் ஒத்தக் காலை இழுத்து இழுத்து வைக்கிறாரு. அவரைத் தோள்ல தாங்கிக்கிட்டு அவர் பொண்டாட்டி.

தள்ளி உக்காருடீ, அந்த மூட்டை மேல சாயாதே. ஆஸ்பத்திரித் துணி, எந்த வார்டு அழுக்கோ. கரண்ட் வர்ற வரைக்கும் துவைக்கிற மிஷின் ஓடாது, ஷிஃப்ட் முடியாம வீட்டுக்கும் போக முடியாது. கதை சொல்லுன்னு நச்சரிச்சீங்க, சொல்றேன். நடுவுல எவளாவது சிரிச்சா, நாளைக்கு பெட்ஷீட் மொத்தத்தையும் அவளே இஸ்திரி போடட்டும்.

நம்ம தையல் செக்‌ஷன்ல கண்ணாடிக்காரி இருக்காளே, இது அவ ஓரகத்திக்கு நடந்தது. ஓரகத்தி பள்ளிக்கூடத்துல கூட்டிப் பெருக்குறவ. புருஷன் பஸ் டிரைவர். அவருக்கு சுகர். செருப்பு கடிச்சு கட்டைவிரல்ல ஒரு புண்ணு... ஆறவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பாத்துட்டு, "விரலை எடுத்துடலாம், இந்த வாரமே வாங்க. தள்ளிப் போட்டா காலே போயிடும்"னாரு.

டாக்டர் முன்னாடி தலையாட்டிட்டு வந்த மனுஷன், வீட்டுக்கு வந்து இவகிட்ட எரிஞ்சு விழுந்தாரு. "விரல் இல்லாம பிரேக்கை எதால மிதிக்கிறது? உன் நாக்காலயா?"

அவ என்னதான் பண்ணுவா. விடிஞ்சா பள்ளிக்கூடம், பொழுது சாஞ்சா புண்ணு. நல்லாத் தூங்கி மாசக்கணக்காச்சு. அவரு கூட வேலை பாக்குற டிரைவர் ஒருத்தன் சொன்னான்னு... குடோனுக்குப் பின்னால எண்ணெய்க்காரர்னு ஒரு கிழவர், பச்சிலை வெச்சுக் கட்டுவாரு, எங்க அப்பா காலையே காப்பாத்தினவருன்னு. அவன் சொன்னது எந்தக் காலத்துக் கதையோ, இவங்க விசாரிக்கலை. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு கிளம்பிட்டாங்க.

கதவு தொறந்தே இருந்துச்சாம். உள்ள ஒரே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. கருகின எண்ணெய் வாசனை... அதுக்கு அடியில இன்னொரு வாசனை. ஈரத்துணியை மூட்டையிலயே மறந்துட்டா வருமே, அது. நமக்குத் தெரியாததா.

கிழவர் எந்திரிக்கலை. இடுப்பு வரைக்கும் போர்வை. போர்வைக்கு அடியில ஒரு காலு மட்டும் தடிமனாத் தெரிஞ்சுது.

"காலை நீட்டு."

அவ்வளவுதான் பேச்சு. துணி கிழிச்சாரு... சர்ர்... சர்ர்... மருந்தை வெச்சு, விரல்லேருந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் சுத்தினாரு. ஒரு சுருக்கம் இல்லை. கிழவரோட கை பட்ட இடமெல்லாம் சில்லுன்னு இருந்துச்சாம். முடிச்சுப் போட்டுட்டுச் சொன்னாரு:

"கட்டின கைதான் அவுக்கணும். வேற கை படக் கூடாது. நானே வரேன்."

"வீடு எங்கன்னு சொல்லிடவாங்க?"ன்னு கேட்டா அவ.

"வேணாம்"னுட்டாரு.

திரும்பி வரும்போதே வலி இல்லை. அன்னிக்கு அவரும் தூங்கினாரு, அவளும் தூங்கினா. "அந்த ஒரு தூக்கத்துக்கே அந்தக் கிழவரைக் கும்பிடலாம்கா"ன்னு கண்ணாடிக்காரிகிட்ட சொன்னாளாம். பாவம்... அவ்வளவு அலுப்பு.

கிழவர் வரலை. அந்த வாரம் முடிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குப் போற நாளும் போச்சு. அப்புறம் நாத்தம் ஆரம்பிச்சுது. காய்ச்சல் வேற.

"என்னங்க, அவுத்துப் பாத்துடலாமா?"

"தொட்டே, நடக்கிறதே வேற. கட்டின கைதான் அவுக்கணும்னு உன் காதுல விழலை?"

சரி, கிழவரையே கூட்டிட்டு வந்துடலாம்னு ஒரு மத்தியானம் ஓடினா. கதவுல பூட்டு. துருப்பிடிச்ச பூட்டு... மேல ஒட்டடை. குடோன் வாட்ச்மேன்தான் கேட்டான், யாரைத் தேடுறீங்கன்னு.

"எண்ணெய்க்காரரா? அவரு போன வருஷ மழைக்கே போய்ச் சேந்துட்டாரேம்மா. அவருக்கும் சுகர்தான். கால்ல புண்ணு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு நாங்க கெஞ்சாத கெஞ்சல் இல்லை. தனக்குத்தானே கட்டுப் போட்டுக்கிட்டாரு. கிட்ட போக முடியலை, அப்படி நாத்தம்... அவுக்க விடலையே. கடைசில கட்டோடவே தூக்கிட்டுப் போனோம்."

அவ கத்தலை, மயக்கம் போட்டு விழலை. அதுக்கெல்லாம் தெம்பு வேணுமே. நேரா வீட்டுக்கு வந்தா. அவரு காய்ச்சல்ல பினாத்திட்டு இருந்தாரு. கத்திரிக்கோலை எடுத்து முடிச்சை வெட்டினா. உள்ள என்ன இருந்துச்சுன்னு அவ சொல்லலை... யாரும் கேக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, முட்டிக்குக் கீழ காலை எடுத்துட்டாங்க. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா விரலோட போயிருக்கும்மா"ன்னு டாக்டர் சொன்னாரு. இவரு கண்ணு முழிச்சதும் சொன்ன முதல் வார்த்தை, "நீ கத்திரிக்கோல் வெச்சதாலதான் என் காலு போச்சு." ரெண்டையும் அவதான் வாங்கிக்கணும். ஒரு தடவை பொறுக்க முடியாம, "மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க"ன்னுட்டா. முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமில்லாத மனுஷன்கிட்ட இதைப் போய்ச் சொன்னோமேன்னு அப்புறம் குழாயடியில நின்னு அழுதாளாம்.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. அன்னிக்குச் சாயங்காலம் ஆறரை... அந்தக் கருகின எண்ணெய் வாசனை. மாடிப்படியில சத்தம். தொம்... சரக்... தொம்... சரக்... ஒரு காலை ஊணி, ஒரு காலை இழுத்து வர்ற மாதிரி. கதவுகிட்ட வந்து நின்னுடுச்சு. அவ எட்டிப் பாத்தா யாருமில்லை. திரும்பினா, கட்டில்ல அவரு சிரிச்சிட்டு இருக்காரு.

"வந்துட்டாருடீ. கட்டை அவுக்குறாரு."

இல்லாத காலை நீட்டிக் காமிக்கிறாரு.

டாக்டர்கிட்ட கேட்டா. எடுத்த காலு இருக்கிற மாதிரியே தோணும்மா, நிறைய பேருக்கு வரும், மூளை பண்ற வேலைன்னாரு. இருக்கலாம். படிச்சவரு, பொய் சொல்லப் போறதில்லை. அவளும் அதையே நம்பிக்கிட்டா. வாசனையைப் பத்தி அவரும் சொல்லலை, அவளும் கேக்கலை.

கொஞ்ச நாள் இப்படியே ஓடுச்சு. ஒரு நாள் பள்ளிக்கூடத்துல மீட்டிங், வர லேட்டாயிடுச்சு. மணி ஏழு தாண்டிருச்சு. வெளியில பூட்டின பூட்டு பூட்டினபடியே இருக்கு. உள்ள அவரு அசந்து தூங்குறாரு. போர்வை நழுவிக் கிடக்குதேன்னு இழுத்து விடப் போனா...

நல்ல காலுல, விரல்லேருந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் ஒரு கட்டு. வெள்ளைத் துணி. ஒரு சுருக்கம் இல்லை.

கத்திரிக்கோலை எடுத்தா. முடிச்சுகிட்ட கொண்டு போனா. தூங்கிட்டு இருந்தவரு அவ கையைப் பிடிச்சாரு. கண்ணைத் தொறக்கவே இல்லை.

"வேணாம். போன தடவை பண்ணினது போதும்."

கத்திரிக்கோலை எடுத்த இடத்துலயே வெச்சுட்டா. மறுநாள் வேலைக்குப் போகலை. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வாசக் கதவை அகலமாத் தொறந்து வெச்சுட்டு... கட்டின கையே வந்து அவுக்கட்டும்னு கட்டில் ஓரமா உக்காந்துட்டா.