இரண்டு நாற்காலி வீடு

விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடுகளில் கத்தி மட்டும் எப்போதும் மொண்ணையாகத்தான் இருக்கும். தட்டு, கரண்டி, போர்வை எல்லாம் பளிச்சென்று வைத்திருப்பார்கள். அந்தக் கத்தியால் ஒரு தக்காளியைக்கூட நறுக்க முடியாது. அதனால் எங்கே போனாலும் என் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துப்போவேன். அதைப் பையில் பார்த்ததும் உங்கள் ஆட்களுக்கு முகம் மாறியது. கத்திக்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு எனக்குப் பிடித்திருந்தது. கறுப்புப் பாறைமேல் தனியாக நிற்கும் வீடு. கதவைத் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும், அப்படி ஒரு காற்று. ஜன்னல் கண்ணாடியைக் காலையில் துடைத்தால் மாலைக்குள் உப்பு படிந்துவிடும். குழாயில் வெந்நீர் தாராளமாக வந்தது. கடல் பக்கம் ஒரு பால்கனி, அதில் இரண்டு சாய்வு நாற்காலிகள். விளம்பரப் படத்தில் அந்த நாற்காலிகளைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வீட்டைப் பிடித்தேன். ஒன்று எனக்கு, ஒன்று என் கணவருக்கு.

என் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, எங்களோடு வந்தது என் வாயால்தான். போனில் பேசும்போது, "நீங்களும் வாங்களேன் அண்ணி" என்றேன். யாரும் சொல்வதுதானே. வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போது "சாப்பிட்டுட்டுப் போங்களேன்" என்கிறோம். அவர் "இருக்கட்டும், இன்னொரு நாள்" என்கிறார். இரண்டு பக்கமும் மரியாதை காப்பாற்றப்படுகிறது. இவரோ மறுநாளே பெட்டி கட்டிவிட்டார். கணவரிடம் முணுமுணுத்தேன். "நீதானே கூப்பிட்ட?" என்றார்.

கல்யாணமான புதிதில் நாங்கள் போன பயணத்திலும் நாத்தனார் இருந்தார். பின் சீட்டில் உட்கார்ந்தால் தலைசுற்றும் என்று முன்னால் ஏறிக்கொண்டார். நான் பின்னாலிருந்து இரண்டு பேருடைய பின்மண்டையையும் பார்த்துக்கொண்டே போனேன். அன்றிலிருந்து அதையேதான் பார்க்கிறேன். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஜுரம் வந்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டவர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நியாயம் தெரியும்.

வந்த அன்றே நாற்காலி போய்விட்டது. "அப்பாடா" என்று ஒன்றில் அவர் சாய்ந்தார், இன்னொன்றில் தம்பி. சின்ன வயதுக் கதைகள் ஆரம்பமாயின. ஒருவர் பாதி சொன்னால் மற்றவர் மீதியைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு என் ஞாபகம் வந்து எனக்கு விளக்குவார்கள். விளக்கிச் சொன்ன வேடிக்கை ஆறிப்போன காபி மாதிரி, குடிக்கலாம், அவ்வளவுதான். நான் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுவே காரணம் என்று இருவரும் நம்பினார்கள்.

பால்கனிக் கம்பியில் தொங்கிய மணியைப் பற்றிக் கேட்டீர்கள். சாவி கொடுத்த வீட்டுக்காரம்மா எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னார். கீழே கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு தட்டைப் பாறை. தண்ணீர் இறங்கியிருக்கும்போது நடந்தே போகலாம், உட்கார அருமையான இடம். தண்ணீர் ஏறும்போது பாறை கடைசியில்தான் நனையும். வந்த வழி முதலில் மூழ்கிவிடும். கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. மேலே இருப்பவருக்குத் தெரியும்.

"வழியில அந்தக் கூம்புக் கல்லு இருக்குல்ல, அது முங்க ஆரம்பிச்சா மணி அடிங்க. அடிச்சா யாரும் உக்காந்திருக்கக் கூடாது. அடிக்கலேன்னா நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

என் நாத்தனாருக்கு அந்தப் பாறை ரொம்பப் பிடித்துப்போனது. தினமும் இறங்கிப் போனார். நான் தினமும் மணி அடித்தேன். அடித்த உடனே எழுந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். "நீ மேல இருக்கிற தைரியத்துலதான் நான் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல" என்று என் கன்னத்தைத் தட்டுவார். அவர் கீழே இருக்கும் நேரத்தில் என் கணவர் குட்டித் தூக்கம் போடுவார். ஆக, நாற்காலி காலியாக இருந்தாலும் பக்கத்தில் ஆள் இல்லை.

அன்று மதியம் கணவர் காரை எடுத்தார். கடைக்கு என்றார். "அக்கா கீழ இருக்கா, பாத்துக்கோ." "பாத்துக்கறேன்" என்றேன்.

இந்தச் சொல்லை நீங்கள் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் பார்த்தாளா, இல்லையா? பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். காபி போட்டுக்கொண்டு, வந்த நாளிலிருந்து முதல்முறையாக அந்த நாற்காலியில் சாய்ந்தேன். இடுப்புக்கு அவ்வளவு இதம். கூம்புக் கல்லைச் சுற்றி நுரை கட்டியது. பிறகு கல்லின் நுனி மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. மணிக்கயிறு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. உங்களுக்கு முன்னால், அன்று மாலையே வந்த அதிகாரியிடம், அடித்தேன், காற்றில் கேட்டிருக்காது என்று சொன்னேன். பொய். காற்று அன்று வீட்டுப் பக்கமிருந்து கடலுக்குத்தான் அடித்தது. தட்டினாலே கேட்டிருக்கும். வீட்டுக்காரம்மா மணியைக் குறை சொல்லிக் கழற்றப் போனார். அது நல்ல மணி, விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு தடவை அவர் திரும்பிப் பார்த்தார். ஏதோ தோன்றியிருக்க வேண்டும். வழியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கையை உயர்த்தி, வரட்டுமா என்பதுபோல் ஆட்டினார். நானும் கையை உயர்த்தினேன். இருங்கள் அண்ணி, அவசரமில்லை என்பதுபோல் ஆட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை மீன்பிடிப் படகுக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள்தான் தூக்கி வந்தார்கள். நான் கூச்சல் போடவில்லை. காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். வருத்தப்படுகிறாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. இத்தனை வருஷம் நான் பின் சீட்டில் இருந்தபோது யாரும் வருத்தப்படவில்லையே.

சரி, உண்மை எப்படி வெளியே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கி, "ஒரு அம்மாவை ஸ்டேஷன்ல விடணும்னு நேத்து சொன்னாங்க. பெட்டி எங்கே?" என்றார். என் கணவர் வெளியே போய் அவரை அனுப்பிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

"நான் கடைக்குப் போகல. வண்டி சொல்லத்தான் போனேன். 'உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்கு'ன்னு அக்கா வந்த ரெண்டாம் நாளே கேட்டா. தினமும் கீழ போய் உக்காந்ததும் நம்மள தனியா விடத்தான். மடையன், நான் தூங்கினேன். உன்கிட்ட முன்னாடியே சொல்ல வேணாம்னா. சொன்னா நீ மரியாதைக்கு 'இருங்களேன் அண்ணி'ன்னு தடுப்பியாம்."

உண்மைதான், தடுத்திருப்பேன். அப்படித்தான் என்னை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அண்ணி அதை என்னிடமே சொல்லியிருக்கலாம். ஊரில் உள்ள கதையெல்லாம் பேசியவர் இந்த ஒன்றை மட்டும் ஏன் மூடி வைக்க வேண்டும்? தப்பு யாருடையது என்று நீங்களே யோசியுங்கள்.

அப்போது கணவரிடம் ஒன்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். "போயிட்டு, மறுபடி எப்ப வர்றதா இருந்தாங்க?"

அழுதுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "நேத்து நீ மணி அடிச்சியா?" என்றார்.

"இல்ல."

அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. உங்களுக்குப் போன் செய்தார். பிறகு பால்கனிக்கு வந்து, எனக்கு எதிரில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்தார். உங்கள் வண்டி வரும்வரை பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு நேரம் என்னை மட்டும் பார்த்தது அதுதான் முதல் தடவை. காற்றில் முடி கலைந்து முகத்தில் விழுந்திருந்தது. அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று ஒதுக்கிவிட்டுக்கொண்டேன்.